தர்காவும் திரையும் மாத்திரையும்

ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாலைகள் கூடும் ஊர். கிருஷ்ணகிரிக்கும் திருப்பத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும், அரூர் வழியாகச் சேலத்துக்கும் இங்கிருந்து பஸ்கள் பிரிகின்றன. சாமல்பட்டி ரயில் நிலையமும் பக்கம்தான். ஒரு வீட்டில் யாருக்காவது மனம் பிறழ்ந்துவிட்டால், அந்தக் குடும்பம் எந்த வண்டியில் ஏறுகிறது என்பதே அவர்கள் அந்த நோயை என்னவென்று எண்ணுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். சிலர் ஓசூர் வழியாகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறார்கள். சிலர் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்துக்குப் போகிறார்கள். திருச்சிப் பக்கம் குணசீலம் போகிறவர்களும், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்களும் உண்டு. பலர் எல்லா இடங்களுக்கும் மாறி மாறிப் போகிறார்கள். பெரும்பாலும் முதலில் ஓதுதல், அடுத்து பரிகாரம், கையில் இருந்தது கரைந்த பிறகு மருத்துவர்.

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் மாவட்டம் இது. மக்ரிப் எனும் அந்தித் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடும் தண்ணீர் பாட்டிலோடும் இந்துத் தாய்மார்கள் நிற்பதைத் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் பார்க்கலாம். பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் ஓதி ஊதிவிடுவார், குழந்தை அழுகையை நிறுத்தும் என்பது நம்பிக்கை. அதே வாசலில் நிற்கும் முஸ்லிம் இளைஞர்களில் சிலருக்கு இது பிடிப்பதில்லை, மார்க்கத்துக்கு முரண் என்பார்கள். ஆகவே நண்பர்கள் கூடி மனநோயைப் பற்றிப் பேசினால் வாதம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் இடையே மட்டும் நடப்பதில்லை. முஸ்லிமுக்கும் முஸ்லிமுக்கும் இடையில்தான் அது இன்னும் சூடாக நடக்கிறது. பேச்சு தொடங்குவது அநேகமாக ஒரு சினிமாவில். “அந்தப் படத்துல வர்ற மாதிரிதான் மச்சான் அவனுக்கும்” என்று யாரோ சொல்ல, “ஓதிப் பாத்தாங்களா?” என்று ஒருவர் கேட்க, “மொதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லு பாய்” என்று இன்னொருவர் குறுக்கிட, மூன்று விவாதங்கள் ஒன்றாகக் கலந்துவிடும். சினிமா, மார்க்கம், மருத்துவம் ஆகிய மூன்றும் எங்கே சந்திக்கின்றன, எங்கே மோதுகின்றன, அந்த மோதலில் நோயாளி என்ன ஆகிறார் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏர்வாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை அண்டி நடந்துவந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நீதிபதி ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகத்தின் உரிமையாளருக்கும் உறவினர் சிலருக்கும் 2007இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அந்த நாட்களில் பலரும் தர்காவின் மேல் பழிபோட்டார்கள். என் கணிப்பில் அது பாதி உண்மை. சங்கிலி போட்டது தர்கா நிர்வாகம் அல்ல. குடும்பங்கள் தர்காவை நம்பிக் கொண்டுவந்த நோயாளிகளை மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு அடைத்துவைத்த தனியார் கொட்டகைகள் அவை. இறந்தவர்களில் பல மதத்தினரும் இருந்தார்கள். ஆனால் தர்காவின் நிழலில் ஆண்டுக்கணக்காக அந்த வியாபாரம் நடந்ததை ஊரும் நிர்வாகமும் அரசும் பார்த்துக்கொண்டிருந்தன. கனவில் அவுலியா (அங்கே அடங்கியிருக்கும் இறைநேசர்) வந்து உத்தரவு தரும் வரை நோயாளி அங்கேயே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை, கட்டணம் வாங்குகிறவர்களுக்கு மிக வசதியாக இருந்தது. கனவு எப்போது வரும் என்று யாரும் கேட்க முடியாது அல்லவா?

முஸ்லிம்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு இங்கேதான் கூர்மையாகிறது. சுன்னத் ஜமாஅத் வழியினர் இறைநேசர்களின் அடக்கத்தலத்துக்குப் போய் வருவதையும், அவர்கள் பொருட்டால் இறைவனிடம் வேண்டுவதையும் ஏற்கிறார்கள். தவ்ஹீத் வழியினர் அதை இணைவைப்பு என்கிறார்கள். 2004இல் உருவான தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் தர்கா வழிபாடு, தாயத்து, மந்திரிப்பு எல்லாவற்றையும் வெளிப்படையாக எதிர்த்துப் பிரசாரம் செய்தது. சூனியத்தால் யாருக்கும் எந்தக் கெடுதியும் செய்துவிட முடியாது என்று அது ஒரு படி மேலே போய்ச் சொன்னபோது, தர்காவை எதிர்ப்பதில் அதனோடு உடன்பட்டவர்களிலேயே பலர், ஹதீஸ் நூல்களைக் காட்டி மறுத்தார்கள். ஜின் உண்டு என்பதில் எல்லோரும் ஒன்று. ஜின் மனித உடலுக்குள் புகுமா என்பதில் பல கருத்து. இந்த விவாதங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சூனியம் வைத்துவிட்டதாக அண்டை வீட்டுக்காரியையும் மாமியாரையும் மருமகளையும் சந்தேகிக்கும் வழக்கத்தில் அவை ஓரளவாவது உடைப்பு ஏற்படுத்தின. எத்தனையோ பெண்கள் அந்தப் பழியிலிருந்து தப்பியிருப்பார்கள்.

ஆனால் தர்காவை விட்டு விலகிய எல்லோரும் மருத்துவமனைக்குப் போய்விடவில்லை. “அஞ்சு வேளை ஒழுங்கா தொழுதா இதெல்லாம் வராது” என்ற பேச்சு தாயத்தின் இடத்துக்கு வந்தது. மனச்சோர்வில் கிடப்பவனிடம் ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்று சொல்வது அவன் தலையில் இன்னொரு பாரம் ஏற்றுவது. அவன் ஏற்கெனவே தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் குற்றவுணர்வே நோயின் அறிகுறி. அவனிடம் போய் நீ இறைவனிடமும் குற்றவாளி என்றால் என்ன ஆகும்? தர்காக்காரரைவிடத் தாம் பகுத்தறிந்தவர் என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இஸ்லாமிய மரபு இதில் இவர்களைவிட விரிந்த மனம் கொண்டது. நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் அறிவுறுத்தியதை எல்லாத் தரப்பினரும் ஒப்புக்கொள்கிறார்கள். புத்தி பேதலித்தவர் தெளியும் வரை அவர்மீது மார்க்கக் கடமையோ குற்றமோ எழுதப்படாது என்பது சட்ட மரபின் அடிப்படைகளில் ஒன்று. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல் பல்கி, உடலின் நலத்தையும் மனத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அச்சம், கோபம், துயரம், ஓயாத தீய எண்ணம் என்று மனத்தின் துன்பங்களைப் பிரித்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் வந்து கவியும் துயரம் வேறு என்றார். இன்றைய மனநல மருத்துவருக்கு இந்தப் பிரிவு புதிதாகத் தோன்றாது. 1284இல் கெய்ரோவில் மம்லூக் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. தொழுகையும் மருந்தும் எதிரெதிர் என்று யாராவது சொன்னால், அவர் தம் மரபின் பெரிய பகுதியைப் படிக்காமல் விட்டிருக்கிறார் என்றுதான் பொருள்.

ரமலான் மாதம் இதற்கு நல்ல உரைகல். இருமுனை மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு கூடி நஞ்சாகும் ஆபத்து உண்டு. சஹர் எனும் விடிகாலை உணவுக்காகத் தூக்கம் குலைந்தால் அடங்கியிருந்த நோய் எழும்பவும் கூடும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை மார்க்கமே சொல்கிறது. ஆனால் சர்க்கரை நோயாளி நோன்பை விட்டால் ஒன்றும் சொல்லாத வீடு, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் விட்டால் முகம் சுளிக்கிறது. மாத்திரையை ஒளித்துவைத்து நோன்பு பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் போய், எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம், நோன்பு பிடிக்கலாமா கூடாதா என்று கேட்டுக்கொள்வது ஒன்றே வழி. ஹஜ்ரத்மார்கள் ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதக் கடைசி ஜும்ஆவில் இதை ஒருமுறை சொன்னால் பல குடும்பங்கள் கேட்கும்.

தற்கொலை பற்றிய பேச்சு இன்னும் கடினமானது. தற்கொலை பெரும் பாவம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அப்படி இறந்தவருக்கு ஜனாஸா (இறுதித் தொழுகை) தொழவைப்பதா என்பதில்தான் தடுமாற்றம். பெரும்பான்மை அறிஞர்கள் தொழவைக்கலாம் என்கிறார்கள். இந்தப் பகுதியில் பரவலாக இருக்கும் ஹனஃபி வழியிலும் கடலோரத் தமிழ் முஸ்லிம்களின் ஷாஃபி வழியிலும் அப்படித்தான். இருந்தும் அவமானத்துக்கு அஞ்சி இறப்பின் காரணத்தை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த மறைப்பு, அதே வீட்டில் அதே எண்ணத்தோடு போராடும் இன்னொருவரின் வாயையும் அடைத்துவிடுகிறது.

முஸ்லிம் அல்லாத நண்பர்கள் இங்கே நீதிபதியின் இடத்தில் உட்கார்ந்துகொள்ள முடியாது. குணசீலம் பெருமாள் கோயிலுக்கு 48 நாள் தங்கவைக்க அழைத்துவரப்படுகிறவர்களும், தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குக் கொண்டுவரப்படுகிறவர்களும் இதே நோய்களோடுதான் வருகிறார்கள். ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் உள்ளிட்டோர் தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்து ஏதும் இல்லாமலேயே நோயின் தீவிர அளவீடு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே தனிச் சடங்கு எதுவும் இல்லை. சங்கிலி இல்லை; உறவினர் உடன் இருந்தார்கள்; கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது போன்ற வேலைகள் இருந்தன; ஏளனம் இல்லை. பக்தர்கள் இதைத் தெய்வத்தின் வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்குத் தெரிவது வேறு: பயமுறுத்தாத இடமும் உடன் ஓர் ஆளும் மருத்துவத்தின் ஒரு பகுதி. அதே நேரம், 31 பேரைக் கொண்ட, ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு அது. மருந்தை நிறுத்திவிடலாம் என்று அதிலிருந்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

இனி சினிமாவுக்கு வருவோம். நம் ஊர்களில் மனநோய் பற்றிய பாடம் திரையரங்கில்தான் நடந்திருக்கிறது. ‘மூன்றாம் பிறை’ (1982), ‘குணா’ (1991) என்று பரிவோடு எடுத்த படங்கள் உண்டு. 1999 டிசம்பரில் வந்த பாலாவின் ‘சேது’, தலையில் அடிபட்டு நிலைகுலைந்த இளைஞனை ஒரு மடத்தில் சங்கிலியோடு காட்டியது. தமிழ்நாடே அழுதது. ஆனால் நாம் அழுதது கதாநாயகி அபிதாவின் காதலனுக்காக. அவனோடு கட்டப்பட்டுக் கிடந்த மற்றவர்கள் யார், அப்படி ஓர் இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று பேசியவர்கள் குறைவு. இருபது மாதங்களில் ஏர்வாடி எரிந்தது. அந்தத் தீ விபத்து நடந்து மூன்று மாதத்தில், 2001 நவம்பரில் ‘ஆளவந்தான்’ வந்தது. மனச்சிதைவு கொண்டவன் கொலைகாரன் என்ற படிமத்தை இத்தனை பிரம்மாண்டமாகத் தமிழில் வேறெந்தப் படமும் நிறுவவில்லை. உண்மையில் மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, அடிவாங்குகிறவர்களாகவே இருக்கிறார்கள்.

2005இல் ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும் அடுத்தடுத்து வந்து, பல ஆளுமை என்ற அரிதான ஒன்றை எல்லோர் வாயிலும் போட்டன. ‘சந்திரமுகி’யின் மூலம், 1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’. இரண்டிலும் மனநல மருத்துவரும் மந்திரவாதியும் சேர்ந்தே நோயாளியைக் குணப்படுத்துகிறார்கள். மந்திரவாதி நடத்தும் சடங்கையே மருத்துவர் தம் சிகிச்சைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். முடிவாக ஒரே இரவில் முழுக் குணம். நண்பர்களின் விவாதத்தில் இந்தப் படத்தை இரு தரப்பும் தங்களுக்குச் சாட்சியாக அழைக்கிறார்கள். “டாக்டரே பூஜைக்கு ஒத்துக்கிட்டாரே” என்பார் ஒருவர். “பேய் இல்லன்னுதானே காட்டினாங்க” என்பார் மற்றவர். இருவருக்குமே அந்த ஒரே இரவுதான் தவறான பாடம். நிஜத்தில் மாத்திரை வேலைசெய்யவே பல வாரங்கள் ஆகும். கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்தினால் நோய் திரும்பும். “ஒரு மாசம் சாப்பிட்டாச்சு, ஒண்ணும் ஆகல” என்று நிம்ஹான்ஸ் சீட்டைப் பீரோவில் வைத்துவிட்டு மீண்டும் ஓதுகிறவரைத் தேடும் குடும்பத்துக்கு இதைச் சொல்லித்தர எந்தப் படமும் வரவில்லை. ‘3’ (2012) இருமுனை நோயைப் பெயர் சொல்லிக் காட்டியது. நோயை மனைவியிடம் மறைப்பதும் நண்பன் அதற்குத் துணைபோவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது காட்டியது உண்மை. ஆனால் சிகிச்சைக்குப் பின்னும் சாவுதான் முடிவு என்ற அச்சத்தையும் விதைத்துப் போனது. எனக்கு மனநிறைவு தந்தது மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022). அதில் விஜய் சேதுபதி ஏற்ற ராமையாவை ஊர் பரிகசிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. சோறு போட்டுப் பேசி அனுப்புகிறது. சித்தர்களையும் மஸ்தான்களையும் மதித்த நம் மண்ணின் பழைய குணம் அது. அந்தக் குணத்தோடு சிகிச்சையும் சேர்ந்தால் வேறென்ன வேண்டும்?

முஸ்லிம்களும் சினிமாவும் என்று பேச்செடுத்தால் அது உடனே வேறு பக்கம் போய்விடும். ‘பம்பாய்’, ‘விஸ்வரூபம்’ என்று வாதம் நீளும். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டு, சில மாற்றங்களுக்குப் பின் பிப்ரவரி 7இல் வெளியானது. தீவிரவாதியாகவே தம்மைக் காட்டுகிறார்கள் என்ற முஸ்லிம்களின் மனக்குறையில் நியாயம் இருந்தது. அதைக் கேட்கவைக்க அவர்களிடம் ஜமாஅத்களும் இயக்கங்களும் இருந்தன. மனநோயாளிகளுக்கு ஜமாஅத் இல்லை, சங்கம் இல்லை. மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே நகைச்சுவையாக்கி, நோயாளியைச் சிரிப்புக்கும் கொலைக்கும் மட்டுமே பயன்படுத்திய நூற்றுக்கணக்கான படங்களை எதிர்த்து ஒரு சுவரொட்டிகூட ஒட்டப்படவில்லை. தவறான சித்திரிப்பின் வலி தெரிந்தவர்கள் இவர்களுக்காகவும் பேச முன்வரலாம்.

சினிமாவே பார்க்கக் கூடாது என்போரும், நல்ல படம் பார்ப்பதில் தவறில்லை என்போரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு திரைக்கலைஞர்களின் வாழ்க்கை இந்த வாதத்துக்கு எளிதில் அடங்காது. ஏ.ஆர்.ரஹ்மான், இருபத்தைந்து வயது வரை தற்கொலை எண்ணம் தமக்கு இருந்ததாக 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். சிறுவயதில் தந்தையை இழந்த வெறுமையைப் பற்றியும் பேசினார். சூஃபி வழியும் இசையும் தம்மைத் தாங்கியதை அவர் ஒளித்ததில்லை. ‘தங்கல்’ படத்தில் நடித்த காஷ்மீர்ப் பெண் ஸாய்ரா வஸீம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தாம் மருந்து எடுப்பதை அதே 2018இல் எழுதினார். 2019 ஜூனில், நடிப்பு தம் இறைநம்பிக்கைக்கு இடையூறாகிறது என்று சொல்லித் திரையுலகை விட்டு விலகினார். ஒருவர் திரையில் இருந்தபடியே மார்க்கத்தைப் பற்றிக்கொண்டார். இன்னொருவர் மார்க்கத்துக்காகத் திரையை விட்டார். அவர்கள் முடிவுகளைப் பற்றி நண்பர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடட்டும். இருவரும் தங்கள் மனத்தின் வலியை மறைக்காமல் வெளியே சொன்னதுதான் நமக்கு வேண்டியது.

சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவில், எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குத் தண்டனை இல்லை, சிகிச்சை உண்டு. ஆனாலும் உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் வழிபாட்டுத்தலம் ஒன்றில் நோயாளிகள் கட்டப்பட்டிருந்தது 2019இல் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. உலகில் ஏறக்குறைய 60 நாடுகளில் இந்த வழக்கம் இருப்பதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2020இல் எழுதியது. இந்தோனேசியாவின் முஸ்லிம் கிராமங்களும் கானாவின் கிறிஸ்தவ ஜெபக்கூடங்களும் அதில் உண்டு. இதை எந்த ஒரு மதத்தின் தலையிலும் கட்ட முடியாது. சிகிச்சை எட்டாத இடத்தில் சங்கிலி வருகிறது. நிம்ஹான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமல் இருப்பதைக் காட்டியது.

அதனால்தான் தர்காவுக்கே மருத்துவத்தைக் கொண்டுபோன முயற்சிகள் எனக்கு முக்கியமாகப்படுகின்றன. குஜராத்தின் மெஹ்ஸானா மாவட்டத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008இல் ‘தவா–துஆ’ (மருந்தும் பிரார்த்தனையும்) என்ற திட்டம் தொடங்கியது. ஓதுகிறவர்களான முஜாவர்களுக்கே நோயின் அறிகுறிகளைச் சொல்லித்தந்து, வருகிறவர்களை அங்கேயே இருக்கும் மருத்துவரிடம் அனுப்பவைத்தார்கள். பின்னர் ஏர்வாடியிலும் தமிழக அரசு அதே வழியில் மனநல மருத்துவர்களை அமர்த்தியது. தவ்ஹீத் நண்பர்கள் இதைத் தர்காவுக்குத் தரும் அங்கீகாரம் என்கிறார்கள். பகுத்தறிவு நண்பர்கள் மூடநம்பிக்கையோடு சமரசம் என்கிறார்கள். இருவரின் கொள்கைப் பிடிப்பையும் மதிக்கிறேன். ஆனால் நோயாளி தர்காவில் இருக்கிறார் என்றால் மருத்துவர் அங்கேதான் இருக்க வேண்டும். கொள்கை வாதம் முடியும் வரை அவரைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் வட்டாரத்துக்கு இது இன்னும் அவசரம். ஓசூர் சிப்காட்டிலும் பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிப்டு பார்த்து, விடுதியில் பகலில் தூங்க முயலும் பிள்ளைகள் ஏராளம். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற விடுதிப் பள்ளிகள் நிறைந்த ஊர் ஊத்தங்கரை. தூக்கம் கெடுவதும், தனிமையும், மதிப்பெண் பயமும் நோயின் வாசல்கள். அங்கே ஒரு பையன் பேச்சை நிறுத்தினால், ஜின்னா மூளையா என்ற கேள்வியில் தொடங்காதீர்கள். எத்தனை நாளாகத் தூங்கவில்லை, எப்போது சாப்பிட்டான், சாக வேண்டும் என்று சொன்னானா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்பது தவறான அச்சம். கேட்டால் அவன் பாரம் குறையும்.

ஓத வேண்டும் என்று குடும்பம் விரும்பினால் ஓதட்டும்; கோயிலுக்குப் போனாலும் போகட்டும். அதே வாரத்தில் மருத்துவரிடமும் போக வேண்டும். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் மாத்திரைகளும் அரசு மருத்துவமனையில் இலவசம். இரவில் யாரிடமும் சொல்ல முடியாத நேரத்தில் அழைக்க 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஹஜ்ரத்மார்களும் பூசாரிகளும் போதகர்களும் இந்த எண்ணைத் தங்கள் வாசலில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.